மலையை விட்டு இறங்காத வேன்

நான் வருவதற்கு முன்பே படிவத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. 'பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்ததால் எஞ்சின் பழுது. முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையது' என்று ஆங்கிலத்தில் நான்கு வரிகள். நான் மட்டக்களப்பில் வந்து இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முகம் கழுவவில்லை. அந்த வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான். வெளியாள் ஒருத்தர், விஷயம் தெரிஞ்ச மெக்கானிக், கையெழுத்து வச்சா கோப்பை மூடிடலாம்," என்றார் எட்வின். கொழும்பிலிருந்து வந்து அலுவலகத்தை நடத்தும் மேலாளர். நல்ல வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். எனக்கு முன்னால் குளிர்ந்த காபி ஒரு கண்ணாடிக் குவளையில் வேர்த்துக்கொண்டிருந்தது. குடிக்கவில்லை.

அது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. நகரை ஒட்டிய வாவிக்கு மேற்கே, போராளி இயக்கத்தின் பிடியில் இருந்த ஊர்களுக்காக ஒரு மருத்துவ வேன் கொடுத்திருந்தார்கள். அந்த வேன் ஒரு நாள் பாலத்தருகே நின்றுபோனது. அதற்குள் இருந்த பெண் இறந்துபோனாள். ஓட்டுநர் பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார் என்று முடிவு கட்டி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நான் ஊட்டிக்காரன்; கோயம்புத்தூரில் பட்டறை. மஸ்கட்டில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் வண்டிகளோடு மல்லுக்கட்டியவன். அந்த வகை வேனைத் திறக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது வேனைத் திறக்க அல்ல என்பது அந்தப் படிவத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"வண்டியைப் பாத்துட்டு வந்து பேசுறேன்," என்று எழுந்தேன். அன்று சாயங்காலம் தங்கும் விடுதியில் பிட்டும் இறால் குழம்பும் போட்டார்கள். வாவி இறால், விரல் தடிமன். கோபத்தோடு சாப்பிட்டும் ருசியாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தார். அந்த வேனோடு போகும் தாதி. நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், முப்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. இங்கே தாதிமாரை 'மிஸி' என்கிறார்கள். மெக்கானிக், தச்சன், கொத்தன் எல்லோரும் 'பாஸ்'. அப்படி நான் பாஸ் ஆனேன். 'சொல்லுங்கள்' என்பதை 'செல்லுங்க' என்கிறார்கள். முதல் நாள் ஒருவர் "செல்லுங்க, செல்லுங்க" என்றதும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"பாஸ், பைக்குள்ள என்னவெல்லாம் கிடக்கு எண்டு இப்பவே செல்லுங்க. சோதனைல எடுத்தா என்னால ஒண்டும் கதைக்க ஏலாது," என்றார் ஸ்டெல்லா.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவில் சோதனைச் சாவடி. இந்தப் பக்கம் அரசு, அந்தப் பக்கம் இயக்கம். இடையில் வெயிலில் ஒரு நீண்ட வரிசை. கையில் பனையோலைப் பெட்டியோடு பெண்கள், சைக்கிள் பிடித்த ஆண்கள். ஒவ்வொருவருடைய பையையும் மேசையில் கொட்டுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடமிருந்து டார்ச் பேட்டரி இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார்கள். பேட்டரி போகக்கூடாது, வயர் போகக்கூடாது, கம்பி போகக்கூடாது. எல்லாவற்றிலும் வெடிகுண்டு இருக்கிறதாம்.

என் முறை வந்தது. சிப்பாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் மல்டிமீட்டரைத் தூக்கிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். ஸ்டெல்லா மாற்றிச் சொன்னார். "இது என்ன எண்டு கேக்கிறார்."

"கரண்ட் அளக்கிறது. வேனைச் சரிபண்ண."

"எந்த வேன்?"

ஸ்டெல்லா விளக்கினார். அவன் மீட்டரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னதை ஸ்டெல்லா அப்படியே சொன்னார்: "அந்த வேனா? அண்டைக்கு நானும்தான் தள்ளினன் எண்டு செல்றார்."

ஆனாலும் மீட்டரை விடவில்லை. ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னான். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டும் போகலாம். கண் இல்லாமல் ஆபரேஷன் செய்யச் சொல்வது போல இருந்தது. நான் தமிழில் என்னென்னவோ கத்தினேன். ஸ்டெல்லா அதில் ஒரு சொல்லைக்கூட மொழிபெயர்க்கவில்லை.

அப்பால் போக ஒரு டிராக்டர் பெட்டி கிடைத்தது. உர மூட்டை, கோழி, நாங்கள் எல்லாம் ஒன்றாக. ஒரு மைல் போனதும் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. எல்லோரும் சத்தம் போடாமல் இறங்கித் தள்ளினார்கள். என் ஊரில் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் டிரைவரின் குலத்தையே இழுப்போம். இங்கே ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவராவது திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

மருந்தகம் ஒரு பள்ளிக்கூடத்தின் பாதிக் கட்டடம். வெளியே மருத மரத்தடியில் வேன். மரத்துக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்.

"சாமித்தம்பி அண்ணன்," என்றார் ஸ்டெல்லா. "டிரைவர். வேனுக்குக் கிட்ட வரப்படாது எண்டு ஒபிஸ்ல கடிதம் குடுத்திருக்காங்க. அதான் அங்கால நிக்கிறார்."

நானே வேலிக்குப் போனேன். "கைக்கு என்னண்ணே?"

"அந்த வேனில செத்த புள்ளட தகப்பன் அடிச்சது," என்றார், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போல. "எனக்குக் கோவமில்ல. அவருட இடத்தில நான் நிண்டிருந்தா விரலோட விட்டிருக்க மாட்டன்."

பிறகு நடந்ததைச் சொன்னார். அறுவடை நேரம். வட்டைக்குள் (வயலை இங்கே அப்படிச் சொல்கிறார்கள்) வேலையில் இருந்த பெண்ணை, சுகந்தி என்று பெயர், கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. மருந்து நகரத்து ஆஸ்பத்திரியில்தான். சாவடி மாலையில் பூட்டிவிடும். நேரம் இருந்தது. வேன் சமதரையில் இருமிக்கொண்டே வந்தது. சாவடிக்கு முன்னால் பாதை ஏறுகிற இடத்தில் படீரென்று ஒரு வெடிச்சத்தம், எஞ்சின் நின்றது. திரும்பத் திரும்பக் கிளப்பினார். கிளம்பும், நாலடி போகும், நிற்கும். தகப்பன் தள்ளினார், ஊர்க்காரர் தள்ளினார்கள், கடைசியில் ஆமிக்காரரும் வந்து தள்ளினார்கள். அப்பால் இழுத்துக்கொண்டுபோக இன்னொரு வண்டி வருவதற்குள் பெண்ணின் மூச்சு நின்றுவிட்டது.

"வந்த கிழமையிலேயே செல்லிட்டன் பாஸ், இந்த வேனுக்கு ஏத்தம் ஏலாது எண்டு. மூணு தரம் செல்லினன். இந்த ஊரில ஏத்தம் எண்டு இருக்கிறதே அந்த ஒரு இடம்தான்."

"பெட்ரோல்ல எதுவும் கலந்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்டதற்காக எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அன்றிலிருந்து டாங்கியில் அப்படியே கிடந்த பெட்ரோலில் கொஞ்சம் இறக்கி ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றினேன். மண்ணெண்ணெய் இருந்தால் தாளில் எண்ணெய்க் கறை நிற்கும். ஐந்து நிமிடத்தில் தாள் காய்ந்து சுத்தமாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. மண்ணெண்ணெய் போட்டு ஓடிய எஞ்சினில் கரி அப்பியிருக்கும். இது அதற்கு நேர் எதிர். எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. பட்டினி.

இந்தச் சோதனைக்கு மீட்டர் தேவையில்லை. மஸ்கட் படிப்பும் தேவையில்லை. ஒரு தாளும் இரண்டு கண்ணும் போதும். ஐந்து வாரமாக ஒருவரும் செய்யவில்லை.

பிளக்குகளை மாட்டிவிட்டு, ஸ்டெல்லாவிடம் எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் காதைக் கொடுத்தேன். அந்த இருமலை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஊட்டியில் என் முதல் தொழிலே கீழேயிருந்து ஏறிவரும் கார்களின் கார்புரேட்டரைத் திறந்து பெட்ரோலைக் குறைப்பதுதான். ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு. காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலையும் குறைக்காவிட்டால் வண்டி கரும்புகை கக்கும். குறைத்ததை மறந்துவிட்டு அப்படியே இறங்கிப்போனவர்கள் மேட்டுப்பாளையத்தில் நின்று இதே மாதிரி இருமுவார்கள். அடிவாரத்துக் காற்று கனத்தது, அதற்கு அந்தப் பெட்ரோல் எந்த மூலைக்கு? இது மேட்டுப்பாளையத்து இருமல்.

ஆனால் இதில் கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, 'இப்போது இவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

"இந்த வேன் இதுக்கு முன்னால எங்க ஓடுச்சு?"

"நேபாளத்தில எண்டு செல்லினாங்க," என்றார் ஸ்டெல்லா. "அங்க மலையில இவங்கட வேலைத்திட்டம் ஒண்டு முடிஞ்சு போச்சாம்."

அன்று இரவு மருந்தகத்திலேயே தங்கினேன். அடுத்த நாள் விடிந்ததும் டாஷ்போர்டின் அடியில் படுத்துக்கொண்டேன். கறுப்புப் பெட்டி கிடைத்தது. அதன் நாலு திருகாணியில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் அளக்கும் பாகத்தையே காணோம். அது இருந்த இடத்தில் இரண்டே இரண்டு சின்ன மின்தடைகள், சுத்தமாகப் பற்றவைத்து, மேலே குழாய் உறை போட்டு வைத்திருந்தது.

நேபாளத்தில் அந்தப் பாகம் கெட்டிருக்கிறது. அங்கே ஒரு மெக்கானிக் புதியது கிடைக்காமல், அவன் ஊர் உயரத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் வரவேண்டுமோ அதை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டான். அந்த மலைக்கு அது கச்சிதமான வேலை. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். வேன் கப்பலேறிக் கடலோரம் வந்துவிட்டது. அதன் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் மலைமேலேயே நிற்பதாக நினைத்து, பெட்ரோலைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கும் எரியாது. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

மீட்டர் சாவடியில். புது மின்தடை வாங்க நகரத்துக்குப் போனாலும் திரும்பக் கொண்டுவர விடமாட்டார்கள். நான் மரத்தை உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

"உங்ககிட்ட ரேடியோ இருக்கா?" என்று கேட்டேன்.

மருந்தகத்தில் ஒன்று இருந்தது. பேட்டரி வராததால் அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதே, அதுவும் ஒரு மின்தடைதான். திருப்பத் திருப்ப மாறும். அதைக் கழற்றி எடுத்தேன். பற்றவைக்க மின்சாரம் இல்லை. சாமித்தம்பி வேலிக்கு வெளியிலேயே சிரட்டையில் நெருப்புப் போட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பழுக்கக் காய்ச்சித் தந்தார். ரேடியோவின் பலகையிலிருந்தே ஈயத்தை உருக்கி மூன்று கம்பிகளையும் ஒட்டினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, திருகை மெல்லத் திருப்பினேன். பாட்டைக் கூட்டுவது மாதிரிதான். இருமல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். குறைந்தது. ஒரு இடத்தில் எஞ்சின் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே சீராக நின்றது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டார். குலுக்கலில் திருகு நகராமல் இருக்க எதையாவது பூச வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, கைப்பையின் அடியிலிருந்து ஒரு சிவப்பு நகப்பூச்சுச் சீசாவை எடுத்து நீட்டினார்.

"சிரிக்கப்படாது பாஸ்."

சிரிக்கவில்லை. திருகின்மேல் கெட்டியாகப் பூசிக் காயவிட்டு, சாவியைச் சாமித்தம்பியிடம் நீட்டினேன்.

"கடிதம் தந்திருக்காங்க…"

"கடிதம் குடுத்தவன் இங்க இல்லண்ணே. நான்தான் இருக்கேன். ஓட்டுங்க."

பாரத்தோடு ஏறுகிறதா என்று பார்க்க, ஊரில் நின்றவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டோம். சாவடிக்கு முன்னால் அந்த ஏற்றம். பத்தடிகூட இருக்காது. ஊட்டிக்காரன் அதை ஏற்றம் என்றே சொல்லமாட்டான். வேன் சத்தமில்லாமல் ஏறியது. மேலே போனதும் சாமித்தம்பி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கும் இவ்வளவு பேர்தான் பாஸ்," என்றார்.

வேனிலிருந்து யாரும் இறங்கவில்லை.

நான்காம் நாள் எட்வினின் முன்னால் நின்றேன். அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"கையெழுத்து இல்லை. வேனோட பழைய கோப்பு வேணும். நேபாளத்துல இருந்து வந்தது."

தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, அதனால்தான் தயங்கவில்லை. கப்பல் பத்திரம், சுங்கப் பத்திரம், காப்புறுதி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கையால் எழுதிய ஒரு கடிதம். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம், ஆனால் தெளிவான எழுத்து. அதன் சாரம் இதுதான்: 'உயரம் அளக்கும் பாகம் கெட்டுவிட்டது. புதியது கேட்டு எழுதினேன், வரவில்லை. இந்த உயரத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். கீழ்நாட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் புதிய பாகம் போடவும். போடாவிட்டால் எஞ்சின் பாரம் இழுக்காது, வழியில் நிற்கும். தயவுசெய்து ஓட்டுபவரிடம் சொல்லவும்.'

தயவுசெய்து ஓட்டுபவரிடம் சொல்லவும். அதை நான் உரக்கப் படித்தேன். இரண்டாவது தடவை இன்னும் உரக்க.

"அது டெக்னிக்கல் விஷயம்," என்றார் எட்வின். முகம் வெளிறியிருந்தது. "எங்களுக்கு எப்படி விளங்கும்?"

"'வழியில் நிற்கும்'கிறதுல என்ன டெக்னிக்கல்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, ஒரு மரணம் இருக்கு. இந்தக் கடிதம் வெளிய போனா வேலைத்திட்டத்தையே மூடிடுவாங்க. பிறகு அந்தச் சனத்துக்கு இந்த வேனும் இல்ல. டிரைவரைச் சத்தமில்லாம திரும்ப எடுக்கிறன். நீங்க 'பாகம் தேய்ந்துபோச்சு' எண்டு மட்டும் எழுதுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது மட்டும் நினைவிருக்கிறது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருட்டுத்தான். மறுக்கவில்லை.

எட்வின் சொன்னதைச் சாமித்தம்பியிடம் மறைக்காமல் சொன்னேன். வேலை திரும்பக் கிடைக்கும், கடிதத்தை மறந்துவிட்டால். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் முடிவு செய்யட்டும் என்று நினைத்தேன்.

"வேலை கிடக்கட்டும் பாஸ்," என்றார். "அத அவருக்குக் காட்டணும். புள்ளட தகப்பனுக்கு."

ஐந்தாம் நாள் மூவருமாகப் போனோம். சுகந்தியின் தகப்பன் பூபாலபிள்ளை வட்டையின் ஓரத்தில் இருந்தார். கதிர் அறுத்து முடிந்து வைக்கோல் குவிந்து கிடந்தது. ஒல்லியான மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்தார், சாமித்தம்பியைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லாதான் பேசினார். நான் வேனைப் பற்றி விளக்கினேன். மலைக் காற்று, கடல் காற்று, பெட்ரோல் என்று சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. மகளைப் பறிகொடுத்தவரிடம் பாடம் நடத்துகிறேன்.

ஸ்டெல்லா கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னார். பூபாலபிள்ளை தலை குனிந்தபடி கேட்டார்.

"மிஸி, இன்னொருக்கா வாசிங்க. மெதுவா."

மறுபடி வாசித்தார். பூபாலபிள்ளை கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் விரலை ஓட்டிக்கொண்டே போய் மேல்வரியில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது பதினேழு. அந்த வேன்ட பின்கதவில பெரிசா எழுதிக் கிடந்த நம்பர். தள்ளக்குள்ள என்ட கண்ணுக்கு முன்னால அதுதான் நிண்டது." விரல் கொஞ்சம் நகர்ந்தது. "பக்கத்தில இருபத்தொண்டு எண்டு கிடக்கு. இது ஆருட வேன்?"

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 'வாகனங்கள் 17, 21.' நேற்றிலிருந்து சட்டைப் பையிலேயே இருக்கிறது. பத்துத் தடவை படித்திருப்பேன். எட்வினின் முகத்தில் எறிவதற்கு ஒரு கல்லாகத்தான் அதைப் படித்தேனே தவிர, அந்த மலை மெக்கானிக் சொன்னதைக் கேட்பதற்காகப் படிக்கவில்லை.

"அதே கப்பல்ல ரெண்டு வந்தது," என்றார் ஸ்டெல்லா மெல்ல. "மற்றது பனிச்சங்கேணில ஓடுது."

"அப்ப இஞ்ச இருந்து என்ன செய்றயள்?" என்றார் பூபாலபிள்ளை. கத்தவில்லை. ஐந்து நாளில் என்மேல் யாரும் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. அது நியாயமாகவும் இருந்தது.

ரேடியோவின் திருகு இன்னொன்று வேண்டும் என்று சாமித்தம்பி சொன்னார். பூபாலபிள்ளை உள்ளே போய், துணி சுற்றிய ஒரு சின்ன ரேடியோவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பின்பக்கத்தில் பேனாவால் பூப்போட்டு சுகந்தி என்று எழுதியிருந்தது. திரும்பும்போது சாமித்தம்பியின் கையைப் பார்த்தார்.

"விரல் பொருந்திற்றா?"

"ஓம்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

பனிச்சங்கேணிக்கு அனுமதி வாங்க ஒரு முழு நாள் போயிற்று. அந்தப் பகுதியின் சாவடியில் ரேடியோவைத் திறந்து, பேட்டரி இல்லை என்று பார்த்துப் போகவிட்டார்கள். ஸ்டெல்லா பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தார். வழியில் ஒரு கடையில் சுடச்சுட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். பால் இல்லாத தேநீர், கையில் ஒரு துண்டு சர்க்கரைக் கட்டி. நாலு ரொட்டி தின்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இருபத்தொன்று ஒரு தென்னந்தோப்பில் நின்றது. அதன் ஓட்டுநர் வயதானவர், வெள்ளை மீசை. "இது நல்ல வேன்தான். மணலில மட்டும் தள்ளணும்," என்றார். ஒவ்வொரு பயணத்திலும் தள்ளுவதற்கென்றே நாலு பேரை ஏற்றிக்கொள்வார்களாம். நோயாளி படுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்து வருவார்கள். மூன்று மாதமாக அப்படித்தான். அதுவும் ஒரு ஏற்பாடு என்று பழகிவிட்டிருந்தார்கள்.

கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். அதே கை, அதே சுத்தமான வேலை. சுகந்தியின் ரேடியோத் திருகை வைத்து ஒட்டினேன். எஞ்சின் சீராகும்வரை திருப்பி, நகப்பூச்சுப் பூசினேன். சாமித்தம்பி ஏறி உட்கார்ந்து கிளப்பினார். தள்ளும் நாலு பேரும் வழக்கம்போலப் பின்னால் வந்து கையை ஊன்றி நின்றார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் வேன் மணலில் சீறிக்கொண்டு போய்விட்டது. நாலு பேரும் குப்புற விழுந்தார்கள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதார்.

ஊர் திரும்பும் முன் என் அறிக்கையை எழுதி, கடிதத்தின் நகலையும் சேர்த்து, எட்வினுக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. வேலைத்திட்டத்தையும் மூடவில்லை.

நாலு மாதம் கழித்துக் கோயம்புத்தூருக்கு ஸ்டெல்லாவின் கடிதம் வந்தது. சாமித்தம்பியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். என் அறிக்கையால் அல்ல. பூபாலபிள்ளை தினமும் சாவடி வரிசையில் நின்று நகரத்துக்கு வந்து, அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "அந்த டிரைவர்ட கையில திறப்பக் குடுங்க, போறன்," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் எட்வின் சாவியைக் கொடுத்தார்.

அந்த நாலு நாளில் பூபாலபிள்ளைக்குத் தேநீர் கொடுத்தார்கள், மின்விசிறிக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்கள், பஸ்ஸுக்கு வழி சொன்னார்கள் என்று எழுதியிருந்தார் ஸ்டெல்லா. அவருடைய மகளைப் பற்றி மட்டும் அங்கே ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.